பெரும்பள்ளி இருந்த குன்று



கல்வராயன் மலைத்தொடருக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ளது திருநறுங்கொண்டைக் குன்று. அங்கே பாறையிலேயே புடைப்புருவமாக நின்றருளும் பார்சுவநாதரை அப்பாண்டைநாதர் எனப் போற்றி வணங்குகிறோம். கமடன் கல்லும் மழையும் பொழிந்து இடர் செய்தபோது, தரணேந்திரன் படம் விரித்துப் பகவானைக் காத்த வரலாற்றைத் திருவுருவின்முன் நிறுத்தி நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அக்குன்றில் பெரும்பள்ளி ஒன்று இருந்த செய்தியை எத்தனை பேர் சொல்கிறோம்?

கல்வெட்டு அதனை 'நாற்பத்தெண்ணாயிரப் பெரும்பள்ளி' என்கிறது. பெயரிலுள்ள எண்ணைத் தலைக்கணக்காகக் கொண்டு பெருமை பேசுவது நம்மவர்க்குள்ள ஒரு பலவீனம், அது வேண்டா. பள்ளியாவது துறவியர் உறையுள். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நால்வகைத் தானமும் பள்ளிகளில் நிகழ்ந்தன. பிள்ளைகள் பயிலுமிடத்துக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் 'பள்ளிக்கூடம்' என்று கரும்பலகையில் எழுதிவந்த நாம், அச்சொல்லின் வரலாற்றை ஒரு வகுப்பிலேனும் எடுத்துரைத்தோமில்லை. அக்குறை இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

இத்தலத்தில் விளங்கிய குணபத்திர முனிவரின் மாணாக்கர் மண்டலபுருடர். அவர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. ஒருசொல் பலபொருள் உரைக்கும் பதினோராம் தொகுதி திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருந்தது. எதுகை முறையில் அடுக்கப்பட்டமையால் ஓதியவர்க்கு எளிதில் மறவாது. அதன் முதற்சொல் 'பகவன்'. சமண முனிவரின் மாணாக்கர் அச்சொல்லுக்குத் தரும் பொருள்களைக் கேளுங்கள்: சிவன், திருமால், பிரமன், சினன், புத்தன். நம் இறைவனுக்கு மட்டும் அப்பெயரை உரிமையாக்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. முதலிடமும் கொடுத்தாரில்லை! அநேகாந்தத்தை விளக்க நாம் எத்தனையோ சொற்பொழிவு ஆற்றுகிறோம். அவர் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதியே முடித்துவிட்டார். சைவம் வளர்த்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் இந்நிகண்டை அச்சிட்டு வெளியிட்டார் என்றால் வியப்பில்லை.

கோயிலுக்குச் சுண்ணம் பூசவும் விளக்கமைக்கவும் கேட்டால் நம்மவர் மனமுவந்து அள்ளித் தருகின்றனர், மகிழ்ச்சியே. ஏட்டைப் படிக்கப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்றால் தேர்வு இருக்கிறது என்கின்றனர்.

ஆயினும் எங்கள் தெருவில் ஐந்து சிறுவர் இசைந்துள்ளனர். வரும் பௌர்ணமியன்று ககர எதுகையிலிருந்து தொடங்குகிறோம்.