நிறுத்தும் சுதந்திரம்



எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புலம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றுக்குப் பொழுதுபோக்கு என்பது தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ ஒளிநாடாவே. ஒரு நாடா மூன்று மணித்தியாலம் ஓடும். படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து அதனைப் பின்னோக்கிச் சுற்றிவைப்பார். 2016 ஆம் ஆண்டு யப்பானின் ஃபுனாய் நிறுவனம் வீடியோ கருவித் தயாரிப்பை நிறுத்தியதோடு அக்காலம் முடிந்தது. இன்று கைத்தொலைபேசியிலேயே எண்ணற்ற படங்களும் பாடல்களும் காத்திருக்கின்றன.

இம்மாற்றத்தைத் தீமை என்று மட்டும் கூறுவது நீதியாகாது. பனிக்காலத்தில் வெளியே செல்ல இயலாத முதியவர், ஊர்க் கோயில்களின் திருவிழாக்களை வீட்டிலிருந்தே தரிசிக்கிறார். தேவாரம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத நகரங்களிலும் பிள்ளைகள் பண்ணோடு பாடப் பழகுகின்றனர். முன்னர் வீட்டில் ஒருவர் விரும்பிய படத்தையே எல்லோரும் பார்த்தோம்; சமையலறையில் நின்ற தாயின் விருப்பத்தைக் கேட்டவர் சிலரே. இன்று அவரும் தமக்குப் பிடித்ததைத் தெரிவு செய்கிறார். இது உண்மையான சுதந்திரமே.

ஆனால் விரும்பியதைப் பெறுவது மட்டுந்தானா சுதந்திரம்? போதும் என்று நிறுத்த முடிவதும் அதில் அடங்காதா?

ஒளிநாடாவுக்கு ஒரு முடிவு இருந்தது. அந்த வேளையில், இன்னொன்று பார்ப்பதா, உறங்கச் செல்வதா என்று நாமே தீர்மானித்தோம். இன்று அந்தத் தீர்மானம் எம் கையைவிட்டு நழுவுகிறது. 2015 ஆம் ஆண்டு யூடியூப், ஒரு காட்சி முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே தொடங்கும் முறையைப் பரவலாகக் கொண்டுவந்தது. நாம் முன்னர் பார்த்தவற்றைக் கணக்கிட்டு, அடுத்து வருவதையும் இயந்திரமே முன்வைக்கிறது. 2017 இல் நெட்ஃபிளிக்ஸ் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், தமது நிறுவனம் உறக்கத்துடன் போட்டியிடுகிறது என்று கூறினார். அது வேடிக்கைப் பேச்சு மட்டுமன்று. எமது நேரமே இத்தொழிலின் விளைநிலம்.

'எவரும் எம்மைக் கட்டாயப்படுத்தவில்லையே' எனச் சிலர் கேட்கலாம். பொறுப்பு எம்முடையதே. எனினும், வேலையால் களைத்து வருபவரும் பத்து வயதுப் பிள்ளையும், தேர்ந்த பொறியியலாளர் பலர் கூடி அமைத்த கருவியோடு தனித்து நின்று போராடுவது சமமான போட்டியன்று. ஆகவே பிள்ளைகளைக் குறைகூறுமுன், அவர்களுக்குத் துணைநிற்க வேண்டியவர்களாக உள்ளோம்.

இதற்கான பயிற்சி எமது சமயத்தில் ஏற்கெனவே உண்டு. அது விரதம். கந்தசஷ்டியில் ஆறு நாள் நோற்று ஏழாம் நாள் பாரணை செய்கிறோம். விரதம் உணவை வெறுப்பதன்று. ஆசைக்கு நாமே எல்லை வகுப்பது. வீட்டார் சேர்ந்து நோற்கும்போது அது இலகுவாகிறது.

அவ்வாறே தானாக ஓடும் வசதியை நிறுத்திவைப்போம். எதைப் பார்ப்பது, எப்போது முடிப்பது என்பதைத் தொடங்குமுன்னரே வீட்டாருடன் பேசி முடிவுசெய்வோம். இரவு உணவு வேளையில் பெற்றோரே முதலில் தொலைபேசியை ஒதுக்கிவைப்போம். நாம் கடைப்பிடிக்காத விரதத்தைப் பிள்ளைகளுக்கு விதிப்பது அறமாகாது.

கருவி இனித் தானாக நிற்காது. நிறுத்தும் வலிமையை எமக்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக.