சான்றிதழும் சாட்சியமும்
அசைவுக் கல்வி ஆசிரியரைத் தேர்ந்து வெளியனுப்புதல் பற்றிய ஓர் அறநோக்கு

ஒருவரை ஆசிரியர் என்று உலகுக்கு அறிவிக்கும் உரிமை எங்கிருந்து பிறக்கின்றது? ஆசிரியர் பயிற்சி பற்றிய ஆய்வுகளிற் பாடத்திட்டமும் கால அளவும் விரிவாகப் பேசப்படுகின்றன. இறுதியிற் பரீட்சகர் இடும் கையொப்பத்தின் அறப் பெறுமானமோ அத்துணை ஆராயப்படுவதில்லை. உடற்கல்வியில், சிறப்பாக அசைவுக் கல்வி எனப்படும் துறையில், இவ்வினா கூர்மை பெறுகின்றது. கணித ஆசிரியர் விட்ட பிழையை அடுத்த ஆண்டில் வருபவர் திருத்திவிடக்கூடும். பிள்ளையின் முழங்காலில் நேரும் பிழையும், தன்னால் இயலாது என்று அப்பிள்ளை தன்னைப்பற்றிக் கொள்ளும் முடிவும் அவ்வாறு எளிதிற் திருந்துவனவல்ல.

1813ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோம் நகரிற் பேர் ஹென்றிக் லிங் நிறுவிய உடற்பயிற்சி நிறுவகத்தின் வழிவந்த முறை கட்டளையை அடிப்படையாகக் கொண்டது. ஆசிரியர் செய்துகாட்டுவார், வரிசையில் நிற்போர் அவ்வண்ணமே செய்வர். எமது பாடசாலைகளிற் ‘தேகாப்பியாசம்’ என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கியதும் பெரும்பாலும் இதுவே. இதற்கு மாறாக, ருடொல்ப் லாபான் 1948இல் வெளியிட்ட கல்விசார் நடனம் பற்றிய நூலும், 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கல்வி அமைச்சு ஆரம்பப் பாடசாலைகளுக்கென வெளியிட்ட கைந்நூல்களும் வேறொரு நோக்கை முன்வைத்தன. ஆசிரியர் ஒரு பணியை மட்டும் விதிக்கிறார். இரு கைகளையும் ஒரு காலையும் ஊன்றி இக்கோட்டைக் கடந்து செல்க என்பது போல. விடையைப் பிள்ளையின் உடலே தேடிக்கொள்கிறது. இங்கு ஆசிரியரின் திறன் அவருடைய கண்ணில் இருக்கின்றதேயன்றிக் காலில் இல்லை. பரீட்சகருக்கு இடர்ப்பாடு தோன்றுவதும் இவ்விடத்திலேதான். ஓடுபவரின் வேகத்தை நிறுத்தற் கடிகாரம் அளக்கும், காண்பவரின் பார்வையை எக்கருவி அளக்கும்?

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். நெருங்கிய குடியிருப்புகளிடையே நிலம் அரிது. பிள்ளைகள் தடையின்றி ஓடுதற்குரிய அகன்ற வெளி பல இடங்களிற் கடற்கரை மணலே. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் அமைந்துள்ளன. கல்வியியற் கல்லூரிகளிற் பயிலுநர் ஈராண்டு தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டிற் பாடசாலையொன்றிற் கட்டுறுபயிற்சி பெறுவது வழமை. அதன் முடிவிற் கிடைக்கும் தேசிய கற்பித்தல் டிப்ளோமா ஆசிரிய நியமனத்துக்கு வழிதிறக்கின்றது. ஆதலால் அங்கு இடப்படும் புள்ளி ஒரு குடும்பத்தின் வாழ்வையும் நிறுக்கின்றது. பரீட்சகரின் கை தளர்வது இதனாலேயே.

இத்தளர்ச்சியை இரக்கம் என்று அழைப்பது பொருந்துமா? தமிழிற் ‘சான்றிதழ்’ என்ற சொல் சான்று என்பதிலிருந்து பிறந்தது. அறபு மொழியிற் சான்றிதழைக் குறிக்கும் ‘ஷஹாதா’ என்ற சொல்லும் சாட்சியத்தையே குறிக்கும். இரு மொழிகளும் தம்முட் கலந்தொலிக்கும் இவ்வூர்களில் இவ்வொற்றுமை சிந்திக்கற்பாலது. சான்றிதழ் வழங்குபவர் பரிசு வழங்குபவரல்லர். தாம் கண்டதைக் கூறும் சாட்சி அவர். காணாததைக் கண்டதாகக் கூறுவது எவ்வழக்கிலும் பொய்ச்சாட்சியே. அச்சாட்சியத்தை நம்பி வகுப்பில் வந்து அமரப்போகும் நாற்பது பிள்ளைகளும் பரீட்சை மண்டபத்தில் இல்லை. அங்கு அவர்களுக்காகப் பேசுவார் எவருமிலர். அவர்களுடையதை எடுத்து எதிரில் நிற்பவருக்குக் கொடுப்பது பிறர் பொருளைத் தானம் செய்வதாகும். அமானிதம் என்ற சொல்லின் கனத்தைச் சிறுபராயம் முதலே கேட்டு வளர்ந்த சமுதாயத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் ‘கண்டது எதனை’ என்ற வினா எஞ்சுகின்றது. இரு பயிலுநரைக் கற்பனை செய்வோம். ஒருவர் இல்ல விளையாட்டுப் போட்டிகளிற் பரிசுகள் பெற்றவர். குட்டிக்கரணமும் பாய்தலும் பிசகின்றிச் செய்துகாட்டுவார். அவருடைய வகுப்பில் முப்பது பேர் அவரைப் பின்பற்றுவர். ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் மூவர் அவர் பார்வையில் படுவதேயில்லை. மற்றவர் இளமையிலேயே ஒரு கால் நலிந்தவர். எதனையும் செய்துகாட்ட அவரால் இயலாது. ஆனால், குதித்திறங்கும் சிறுவனின் முழங்கால் மடங்காததைக் கண்டு, அவனைக் கடிந்துகொள்ளாது, ஓசையின்றி இறங்கிக் காட்டு என்று பணியை மாற்றுகின்றார். வழமையான புள்ளித்தாள் முன்னவரையே உயர்த்தும். அசைவுக் கல்வியின் நோக்கிற் பின்னவரே ஆசிரியர். ஆயினும் கடலோர மணலிற் பாடம் நடத்துபவர் ஆபத்தில் அகப்பட்ட பிள்ளையை எட்டிப்பிடிக்க வேண்டியவருமாவார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. அது உண்மையான தேவை. அதற்குத் துணையாளர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம். செய்துகாட்டும் ஆற்றல் அத்தகைய தேவையன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாத அளவுகோல் அநீதி இழைக்கின்றது. பெண் பயிலுநர் ஆண் பரீட்சகர் பலர் முன்னிலையிற் பாய்ந்து காட்ட வேண்டுமென்ற ஏற்பாடும் இவ்வகையினதே. அது திறனை அளப்பதில்லை, கூச்சத்தையே அளக்கின்றது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைச் சிதைத்தது. அன்று பிள்ளைகளாயிருந்தோர் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ளனர். அவர்களுடைய அச்சம் சொல்லாமலே பிள்ளைகளிடம் சென்றிருத்தல் கூடும். கடலுக்கு முதுகுகாட்டி ஓடச் சொன்னபோது ஒரு சிறுமி அடிக்கடி திரும்பிப் பார்ப்பாளாயின், அதைக் கண்டு வட்டத்தின் திசையை மாற்றிய பயிலுநருக்கு எத்தனை புள்ளி? அந்நிரல் எந்தத் தாளிலும் இராது.

பழைய மரபுகள் இவ்வகையிற் சற்றுக் கண்டிப்பானவை. நன்னூலார் நல்லாசிரியர் இலக்கணத்தோடு நின்றுவிடாது, ஆசிரியராகாதார் இலக்கணத்தையும் வகுத்தார். அங்குக் கூறப்படும் உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று. நீர் வார்த்தவரை விட்டு வேலிக்கு அப்பாலுள்ளவர் முற்றத்திற் காய் உதிர்க்கும் வளைந்த தென்னையைக் காண இக்கரையோர மக்கள் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தன் ஆற்றலனைத்தையும் பார்வையாளரின் கைதட்டலுக்காக உதிர்த்து, கற்க வந்த பிள்ளைக்கு ஒன்றும் ஈயாத விளையாட்டு வீரர்க்கும் அவ்வுவமை பொருந்தும். குர்ஆன் ஓதலில் வழங்கப்படும் இஜாஸா இன்னொரு சான்று. மாணவர் ஓதுவதை முழுமையாகச் செவிமடுத்த பின்னரே ஆசிரியர் பிறர்க்கு ஓதிக்கொடுக்கும் அனுமதியை அளிக்கிறார். தம் ஆசிரியர் பரம்பரையோடு தம் பெயரையும் அதிற் பிணைக்கிறார். மாணவரின் பிழை அவர் பெயரையும் தொடும். அரச இலச்சினைக்குப் பின்னால் மறைந்து நிற்கும் பரீட்சகருக்கு அந்த நாணம் இல்லை.

ஆயினும் அம்மரபு தொகை பெருகும்போது இடர்ப்படும். உடலசைவின் வழிக் கற்றலை ஆராய்ந்த மோசே பெல்டன்கிறைஸ் 1969 முதல் 1971 வரை தெல் அவீவிற் பயிற்றியோர் பதின்மூவர். ஒவ்வொருவரையும் அவர் அறிந்திருத்தல் இயல்பு. 1980இல் அமெரிக்காவின் அம்ஹேர்ஸ்ற் நகரிற் தொடங்கிய வகுப்பிலோ இருநூறுக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். 1981இல் அவர் நோயுற்றமையால் அதனைத் தாமே முடித்துவைக்க அவரால் இயலவில்லை. அத்தகைய நிலையில் ஒருவர் கண் போதாது; சாட்சியம் பலரிடம் பகிரப்பட வேண்டியதாகின்றது.

கட்டுறுபயிற்சி ஆண்டின் உண்மையான பயன் இதுவாயிருக்கலாம். ஓரிரு முறை வந்து செல்லும் விரிவுரையாளரைவிட, அப்பாடசாலையில் ஆண்டு முழுவதும் உடனிருக்கும் மூத்த ஆசிரியரே கூடுதலாகக் கண்டவர். குறையை முதலாண்டிலேயே சொல்லித் திருத்த அவகாசம் கொடாது, இறுதியாண்டில் மட்டும் கண்டிப்பைக் காட்டும் நிறுவனத்துக்குக் கண்டிப்பு பற்றிப் பேசத் தகுதியில்லை என்பதும் உண்மையே. ஆனால் அந்த மூத்த ஆசிரியர் பயிலுநரின் ஊரவர். ஒரே பள்ளிவாசலிற் தொழுபவர். அடுத்த மாதம் அவ்வீட்டுத் திருமணத்துக்கு அழைக்கப்படுபவர். இன்னும் ஓராண்டு பயிலட்டும் என்று எழுதும் பேனாவை அவர் கையிற் கொடுப்பவர்கள், அதனை எழுதிய பின் அவர் அத்தெருவில் எவ்வாறு நடந்து செல்வார் என்பதையும் கணக்கிலெடுத்திருக்கிறார்களா?