ஊசி போட்ட கை

2008 ஏப்ரலில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் செத்துப்போயின. அதன் பிறகு கிராமத்துக்கே வந்து ஊசி போடுவதை அரசாங்கம் நிறுத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், டாக்டர் இருக்கும்போதுதான் இனி ஊசி என்றார்கள். குத்தம்பாக்கத்தில் எங்கள் தெருவில் அன்றைக்குப் பேசிக்கொண்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "எந்த நர்சுமா போட்டது?" எல்லார் வாயிலும் இதே கேள்விதான். மருந்து எங்கேயிருந்து வந்துச்சு, ஐஸ் பெட்டியில ஐஸ் இருந்துச்சா, அந்தம்மா அன்னைக்கி எத்தனை ஊருக்கு நடந்துச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் நர்ஸ்தான். என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு ஆயா பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டது.

ஒருவர் உத்தரவு போடுகிறார், இன்னொருவர் கை அதைச் செய்கிறது. கெட்டது நடந்தால் பொறுப்பு யாருக்கு? அறநூல்களில் இந்தக் கேள்விக்குப் போர்வீரனை உதாரணம் காட்டுவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் தெருவுக்கு நாலு பெண்கள் வெள்ளைக் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் ஆவடிக்கும் பஸ் ஏறுகிறார்களே, அந்தப் பெண்களைப் பார்த்தால் போதும்.

தட்டம்மை மருந்து தூளாக வரும். கூடவே வருகிற தனி நீரில் கரைத்துத்தான் போட வேண்டும். கரைத்ததைக் குளிரில் வைத்து நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இது எங்களுக்கு முதல் பாடம். ஆனால் அந்த நீர்க் குப்பியும் ஆபரேஷன் தியேட்டர் மருந்துக் குப்பியும் பார்க்க ஒரே மாதிரி இருந்து, இரண்டும் ஒரே ஃபிரிட்ஜில் கிடந்தால்? 2014இல் சிரியாவில் இட்லிப் என்ற இடத்தில் அது நடந்தது. அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தப் போடுகிற மருந்தில் தடுப்பூசியைக் கரைத்துவிட்டார்கள். 15 குழந்தைகள் செத்தன. 2018 ஜூலையில் சமோவா தீவில் அதே மாதிரி இரண்டு குழந்தைகள். நம் மாவட்டத்தில் 2008இல் நடந்ததும் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. சமோவாவில் அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். இரண்டு நர்ஸ்களுக்கு ஆளுக்கு 5 வருஷம் சிறை கொடுத்தார்கள். தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது. தாய்மாருக்கு நம்பிக்கை போயிற்று. 2019 கடைசியில் தட்டம்மை வந்து 83 பேரை வாரிக்கொண்டு போனது, முக்கால்வாசி சின்னஞ்சிறு பிள்ளைகள். தடுப்பூசி ஃபிரிட்ஜில் வேறு மருந்து வைக்கக்கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அந்த விதி நடக்கும்படி இன்னொரு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுக்க வேண்டியவர், நின்ற திட்டத்தைச் சீக்கிரம் தூக்கி நிறுத்த வேண்டியவர், இவர்களுக்கு எத்தனை வருஷம்? அந்த 83 உயிருக்கு எந்தக் கையைப் பிடிப்பது? கடைசியாக ஊசியைப் பிடித்த கைதான் கண்ணுக்குத் தெரிகிறது. மேலே இருப்பவர்களின் கை ஃபைலில் கையெழுத்தாக மட்டும் இருக்கும், சில நேரம் அதுகூட இருக்காது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 வருஷம். லாரி ஓட்டியவரும் அதேதான், டாக்டரும் அதேதான், நர்சும் அதேதான். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்சநீதிமன்றம் டாக்டர்களுக்கு ஒரு பாதுகாப்பு கொடுத்தது. சாதாரணத் தவறுக்குக் குற்ற வழக்கு கூடாது, மிகப்பெரிய அலட்சியம் இருக்க வேண்டும், போலீஸ் முதலில் இன்னொரு மருத்துவரிடம் கருத்து கேட்க வேண்டும் என்றது. சரியான தீர்ப்பு. பயந்துகொண்டே வைத்தியம் பார்க்கிற டாக்டரால் முதலில் சாகப்போவது ஏழைதான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 வருஷம் வரை. ஆனால் பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது அது நடந்தால் 2 வருஷம் வரை. யார் அந்தப் பதிவு பெற்ற மருத்துவர் என்பதற்கு அங்கேயே விளக்கம் இருக்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்று மருத்துவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர். நர்ஸ் அதில் இல்லை. மருத்துவர் சங்கம் கேட்டது, கொடுத்தார்கள். நர்ஸுக்காக யார் கேட்டார்கள்? ஒரே வார்டு, ஒரே கட்டில், ஒரே நோயாளி, ஒரே மருந்து. சொன்ன வாய்க்கு 2 வருஷம், செய்த கைக்கு 5 வருஷம்.

மனுவின் 8ஆம் அத்தியாயத்தில் ஒரு கணக்கு உண்டு. பிராமணனைத் திட்டிய சத்திரியனுக்கு 100 பணம் அபராதம், வைசியனுக்கு 150 அல்லது 200, சூத்திரனுக்கு உடம்பில் தண்டனை. குற்றம் ஒன்று, ஆள் இறங்க இறங்கத் தண்டனை ஏறும். 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் அம்பேத்கர் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தியது வேறெதற்கு? உடனே சில தோழர்கள் கேட்பார்கள்: டாக்டர்களிலும் நம்ம பிள்ளைகள் இருக்காங்களே, இட ஒதுக்கீட்டில் வந்தவங்க, இதைப் போய் சாதி என்கிறாயே என்று. நான் 106ஆம் பிரிவை எழுதியவர் மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார் என்று சொல்லவில்லை. தண்டனையைப் படிக்கட்டாகப் போடுகிற பழக்கம் இந்த நாட்டில் யாருக்கும் உறுத்துவதில்லை என்றுதான் சொல்கிறேன். அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியில் நம் பெண்கள் நிற்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ராத்திரி டூட்டியில் 28 கட்டிலுக்கு நான் ஒருத்திதான் படித்த நர்ஸ். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும். எனக்குத் துணைக்கு இரண்டு பிள்ளைகள். பக்கத்துச் சேரிப் பிள்ளைகள்தான், ஆறு மாசம் ஏதோ ஒரு இடத்தில் 'டிப்ளமா' என்று பணம் கட்டிப் படித்தவர்கள். கவுன்சில் பதிவேட்டில் அவர்கள் பெயர் கிடையாது. நோயாளிகள் அவர்களையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பெரியவருக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் போனில், "ஒரு ஆம்பூல் பொட்டாசியம் போட்டுடு" என்று வைத்துவிட்டார். 10 மில்லி ஆம்பூல் அது. அப்படியே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அரை லிட்டர் சலைனில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். திரும்பப் போன் செய்து கேட்டேன். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார். நான் சலைனில் கலந்தேன். கேஸ் ஷீட்டில் 'டாக்டர் போனில் சொன்னது, இரவு 2.10' என்று எழுதி, கலந்த அளவு, ஏற்றிய வேகம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

காலையில் ஆபீசில் கூப்பிட்டார்கள். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "டாக்டர் போன்ல சொன்னாருன்னு ஏன் எழுதினே?" என்பதுதான் விசாரணை. பிறகு யார் சொன்னதாக எழுதுவது என்று கேட்டேன். "நீ குடுத்தே, உன் பேர்ல எழுது." தாளைக் கிழித்து வேறு எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அந்த மாசக் கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். எனக்காவது பதிவு எண் இருந்தது, வேறு இடம் கிடைத்தது. அன்றைக்கு அந்தப் போனை எடுத்தது அந்தச் சின்னப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்திருந்தால் டாக்டர் சொன்ன வார்த்தையை அப்படியே செய்திருப்பாள். பொட்டாசியத்தை எப்படிப் போடக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் கீழ்ப்படியச் சொல்லித்தந்தார்கள், அதை நன்றாகவே சொல்லித்தந்தார்கள்.

கீழ்ப்படிதலை அறமாக்கினது எங்கள் தொழிலில் புதிதல்ல. 1893இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து நர்சிங் பள்ளியில் நைட்டிங்கேல் பெயரில் ஒரு உறுதிமொழி எழுதினார்கள். நர்சிங் படித்தவர்கள் விளக்கேற்றி நின்று சொல்லியிருப்பீர்கள். டாக்டருக்கு விசுவாசமாக உதவுவேன் என்பது அதில் உண்டு. 1953இல் சர்வதேச நர்ஸ்கள் கவுன்சில் போட்ட முதல் நெறிமுறையிலும் டாக்டர் உத்தரவை விசுவாசமாக நிறைவேற்றுவது கடமை. 1973இல் அதை மாற்றினார்கள். நர்ஸின் முதல் பொறுப்பு நோயாளிக்கு என்று எழுதினார்கள். என் கணக்கில் எங்கள் தொழிலின் விடுதலை நாள் அதுதான். ஆனால் அந்தச் செய்தி பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

விசுவாசம் என்ற சொல் நம் ஆட்களுக்குப் பழக்கமானது. பண்ணையாருக்கு விசுவாசம், ஊருக்கு விசுவாசம். எங்க அப்பா சொல்லுவார், விசுவாசமா இருந்தவனுக்குக் கூழு கெடச்சது, நெலம் கெடைக்கலன்னு. மாட்டேன் என்று சொல்ல வாய் இல்லாதவளிடம் பொறுப்பை மட்டும் எப்படி ஒப்படைப்பது? மறுக்கிற உரிமை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. நீதிமன்றம் நர்ஸை நிறுத்திக் கேட்கும்போது, 'டாக்டர் சொன்னார் என்பது சமாதானம் ஆகாது, உனக்குப் படிப்பு இருக்கிறது, யோசித்திருக்க வேண்டும்' என்கிறது. நல்லது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் யோசித்ததற்காக வேலையை விட்டு அனுப்புகிறவரையும் அதே கூண்டில் நிறுத்த வேண்டாமா?

இதோடு முடித்தால் நம் பத்திரிகைகளில் வழக்கமாக வருகிற ஒப்பாரியாகப் போய்விடும். இன்னொரு பக்கம் இருக்கிறது. செத்துப்போகிற குழந்தை யாருடையது? அரசாங்க ஊசிக்கு வரிசையில் நிற்பது யார்? பெரும்பாலும் நம் ஜனம். ஊசி போட்ட கையும் நம்முடையது, ஊசி வாங்கிய தொடையும் நம்முடையது. பாவம் ஏழைப் பொண்ணு, விட்டுடுங்க என்று நர்ஸுக்காகப் பேசும்போது அந்தத் தாய்க்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? குப்பியின் பெயரைப் படிக்காமல் மருந்தை எடுப்பது குற்றம்தான். வறுமை அதற்குச் சமாதானம் இல்லை. எழுத்தை நமக்கு மறுத்தார்கள் என்று இத்தனை வருஷம் பேசிவிட்டு, எழுத்து கைக்கு வந்தபிறகு குப்பியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் இருப்பதா? இதில் நான் யாருக்கும் இரக்கம் காட்டத் தயாராக இல்லை. 5 வருஷமா 2 வருஷமா என்பதல்ல என் சண்டை, ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதுதான்.

எந்தச் சட்டத்திலும் வழக்காகாத ஒரு குற்றமும் உண்டு. நான் வேலை பார்த்த பல ஊர்களில் பார்த்தது. சாதி இந்து நர்ஸ் காலனிக்கு வருவார். வீட்டுக்குள் வரமாட்டார். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கொழந்தைய எடுத்துனு வா" என்பார். பிரசவமான மூன்றாம் நாள் தாயின் வயிற்றைத் தொட்டு, கர்ப்பப்பை சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தப்போக்கு எவ்வளவு, நாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைத் தொடாமல் பார்க்க முடியாது. வாயால் கேட்டு ரெஜிஸ்டரில் 'நலம்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், ஆஸ்பத்திரியில் தீண்டாமை காட்டிச் சேர்க்க மறுப்பதும் சேர்த்தபின் பாகுபாடு செய்வதும் குற்றம். மரத்தடி நாற்காலியை எந்தப் பிரிவில் சேர்ப்பது? ரெஜிஸ்டர் சுத்தமாக இருக்கிறது. அந்தத் தாய்க்குக் காய்ச்சல் வந்து ஜன்னி கண்டால் 'லேட்டா கொண்டாந்தாங்க' என்று ஒரு வரி எழுதுவார்கள், அவ்வளவுதான். செய்த தவறைச் சட்டம் பிடிக்கும், தொடாத கையை எப்படிப் பிடிக்கும்?

எங்கள் ஊர் சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் தலித் அல்லாத குடும்பம். 1996இல் பஞ்சாயத்துத் தலைவரான இளங்கோ, நம்மில் ஒருவர், முயற்சி எடுத்துச் செய்தது. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டித் தர ஒரு தலைவரால் முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை நர்சிங் பள்ளிக்கூடத்தில்தான் கொண்டுவர முடியும். அங்கே சாதியைப் பற்றி எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட வகுப்பு எடுக்கவில்லை.

கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 கட்டிலுக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. பரிந்துரைதான். 2017 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு ஒப்பந்த நர்ஸ்கள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு மாசம் 7,700 ரூபாய். நோயாளியை விட்டுவிட்டுப் போராடுவது அறமா என்று கேட்டார்கள், நீதிமன்றமும் போராட்டத்துக்குத் தடை போட்டது. 28 கட்டிலுக்கு ஒருத்தியைப் போடுவது அறமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எங்களைப் பொறுத்தவரை அறம் என்பதே டூட்டி நேரத்தில் மட்டும் ஞாபகம் வருகிற விஷயமாக இருக்கிறது.

106ஆம் பிரிவில் மருத்துவருக்குள்ள அளவு நர்ஸுக்கும் வேண்டும், அல்லது யாருக்கும் வேண்டாம். ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின் பாதுகாப்பு நர்ஸுக்கும் வேண்டும். போனில் சொன்ன உத்தரவில் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் அது அவர் குற்றம். பதிவில்லாத பிள்ளைகளை வெள்ளைக் கோட்டு மாட்டி ஊசி போட வைக்கிற முதலாளிமேல்தான் வழக்கு, அந்தப் பிள்ளைமேல் அல்ல. இதையெல்லாம் நம் இயக்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நிலமும் தனித்தொகுதியும் மட்டும் நம் பிரச்சினை அல்ல.

இப்போது எங்கள் தெருவிலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் சில பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார்கள். மருந்துக் கணக்கு போடச் சொல்லித் தருகிறேன், கேஸ் ஷீட் எழுதச் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பிள்ளை கேட்டது: "அக்கா, எனக்குப் பதிவு நம்பரே இல்லியே, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டா செல்லுமா?" கூட இருந்தவள் சிரித்தாள். எழுது, நேரத்தைப் போடு, யார் சொன்னாங்கன்னு போடு என்றேன். அது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேலே ஆனால் எந்தத் தேதி போடுவது என்று கேட்டது.