ஆடுகளத்தைச் சுற்றி வருவோம்

'என் கண்ணாலேயே கண்டேன்' என்பதைவிட வலிமையான சான்று வேறில்லை என்று நாம் எண்ணுகிறோம். வழக்கு மன்றத்திலும் திண்ணைப் பேச்சிலும் அச்சொல்லுக்கு மறுசொல் எழுவதில்லை. ஆயினும் கண்ணுக்கு ஓர் இடம் உண்டு. அது எங்கேனும் ஒரு பக்கத்தில் நின்றுதான் காண்கிறது. தனக்கு நேர் எதிரே உள்ளது அதற்குத் தெரிகிறது; ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து நிற்பது தெரிவதில்லை. அப்படியானால், கண்டதை மட்டும் கொண்டு ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு? இது மெய்யியலார்க்கு மட்டும் உரிய வினா அன்று. நம் ஊர்க் கபடிக் களத்திலேயே இதற்கு விடை தேடலாம்.

அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது திருமழபாடி. நந்தியெம்பெருமான் திருமணத்தால் புகழ்பெற்ற ஊர் அது. அதனைச் சுற்றியுள்ள ஊர்களில் சடுகுடு என்னும் கபடி நெடுங்காலமாக வேரூன்றியது. அறுவடை முடிந்த வயலும் பள்ளித் திடலும் அதற்குப் போதும். நம் பங்குகளிலும் திருவிழாவை ஒட்டி மின்விளக்கு கட்டி இரவெல்லாம் போட்டி நடத்துவதுண்டு. அங்கே மக்கள் களத்தின் நான்கு பக்கமும் சூழ்ந்து நிற்கிறார்கள். இடம் போதாதவர் சுவர்மேலும் மரத்தின்மேலும் ஏறிக்கொள்கிறார்கள். ஆட்டம் முடிந்தபின் எழும் வாதங்களைக் கேட்டால், நான்கு பக்கத்தாரும் நான்கு ஆட்டங்களைக் கண்டவர்கள்போலப் பேசுவார்கள்.

2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணியும் அதில் சேர்ந்தது. அதுமுதல் நம்மில் பலர் கபடியைக் காண்பது பெரும்பாலும் தொலைக்காட்சியில்தான். பார்க்கும் இடம் மாறியதால், ஆட்டத்தைப் பற்றிய நம் அறிவும் மாறியிருக்கிறதா?

ஆட்டத்தின் அமைப்பை நினைவுகூர்வோம். ஓர் அணியிலிருந்து ஒருவர், 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டு எதிரணியின் பகுதிக்குள் நுழைகிறார். அவரை இன்று எல்லாரும் ரெய்டர் என்கிறோம். எதிரே எழுவர் நிற்கின்றனர். 30 விநாடிக்குள் அவர் யாரையேனும் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அவரைப் பிடித்து நிறுத்துவது அவர்கள் வேலை. ஆடவர்க்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. இத்தனை சிறிய இடத்தில் எதுவும் மறைய வழியில்லை என்றே தோன்றும்.

தொலைக்காட்சியின் முதன்மைக் கேமரா நடுக்கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில், சற்று உயரத்தில் வைக்கப்படுகிறது. அங்கிருந்து பார்த்தால் ரெய்டர் எவ்வளவு ஆழமாக உள்ளே சென்றார், போனஸ் கோட்டைத் தாண்டினாரா, எப்போது திரும்பினார் என்பன தெளிவாகத் தெரியும். ஆனால் களத்தின் அகலம் முழுவதும் நம் பார்வை செல்லும் திசையிலேயே அமைந்துவிடுகிறது. அதனால் இரு மூலைகளிலும் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கி நிற்பவர்போலத் தோன்றுகின்றனர். அவர்களிடையே உள்ள தொலைவும் அது மெல்லக் குறுகி வருவதும் கண்ணில் படுவதில்லை. பின்பு அண்மைக் காட்சி வருகிறது. அதில் ரெய்டரின் முகமும் பாதமும் மட்டுமே திரையை நிறைக்கின்றன. அவர் தப்பினால் வீரம், சிக்கினால் தவறு. இரண்டுமே அவருடைய செயலாகவே நமக்குப் படுகின்றன.

கடைக்கோட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பவர் காண்பது வேறு. அவருக்குத் தெரிவது தடுப்போரின் முதுகும், கோத்த கைகளும். எழுவரும் வில்போல் வளைந்து நிற்பதையும், ரெய்டர் இடப்புறம் சாய்ந்தால் வலப்புற முனை ஓசையின்றி முன்னேறுவதையும் அவர் காண்கிறார். ஒருவர் வேண்டுமென்றே காலை நீட்டி ஆசை காட்டுகிறார். அதைத் தொட ரெய்டர் குனியும் நொடியில் பக்கத்திலிருப்பவர் கணுக்காலைப் பற்றுகிறார். கவர் நிலையில் நிற்பவர் ஓடிவந்து வழியை அடைக்கிறார். கால் நீட்டியவர் ரெய்டரைத் தொடவே இல்லை; ஆயினும் அந்தப் பிடியின் முதற்காரணம் அவரே. திரையில் ஒருவரின் தவறாகத் தோன்றியது, இங்கே பலரின் ஒற்றுமையாகத் தெரிகிறது.

கொள்ளிடத்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள தஞ்சை மாவட்டம் ஈன்ற தர்மராஜ் சேரலாதனை எண்ணிப் பார்க்கலாம். அவர் கார்னர் நிலையில் நின்று ஆடியவர். 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு, நாற்பது வயதைக் கடந்த நிலையில், உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். அகமதாபாதில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் இடைவேளையின்போது ஈரான் 18-13 என முன்னிலையில் இருந்தது. முடிவில் இந்தியா 38-29 என வென்றது. அந்த நாளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அஜய் தாக்கூர் எடுத்த 12 புள்ளிகளையே நினைவுகூர்கின்றனர். அது தகும். ஆனால் இரண்டாம் பாதியில் ஈரான் எடுத்தவை 11 புள்ளிகள் மட்டுமே என்பதையும் கணக்கிட வேண்டும். அதில் தடுத்து நின்றோரின் பங்கு சிறிதன்று.

பிற நாட்டு விளையாட்டுகளிலும் இந்நிலை உண்டு. ஆஸ்திரேலியாவில் முட்டை வடிவத் திடலில் அணிக்குப் பதினெண்மர் ஆடும் கால்பந்து ஒன்று இருக்கிறது. அத்திடலின் நீளம் 185 மீட்டர் வரைகூட இருக்கலாம். தொலைக்காட்சி பந்தைத் தொடர்கிறது. பந்து இல்லாத பெருவெளியில் வீரர்கள் ஓடி அடைக்கும் இடைவெளிகள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. அவற்றைக் காண்பதற்காகவே பயிற்சியாளர்கள் அரங்கின் உயரத்தில் அமர்கின்றனர்; இலக்குக் கம்பங்களுக்குப் பின்னிருந்து எடுத்த படங்களையும் ஆராய்கின்றனர்.

இதனால் ஒளிபரப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மெதுவாக ஓட்டிக் காட்டும் காட்சியால் நடுவரின் பிழை திருந்துகிறது. விரல் நுனி பட்டதா இல்லையா என்னும் சண்டை கைகலப்பின்றி முடிகிறது. சிற்றூர் இளைஞன் தேர்ந்த ஆட்டக்காரரின் கால் அசைவை வீட்டிலிருந்தே கற்கிறான். கேமரா பொய் சொல்வதில்லை. தான் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதை உண்மையாகவே காட்டுகிறது. அதுவே முழுமை என்று நாம் முடிவு கட்டும்போதுதான் தவறு நுழைகிறது.

'அப்படியானால் உண்மை என்று ஒன்றில்லையா? ஆளுக்கொரு பார்வை, ஆளுக்கொரு உண்மையா?' என்று சிலர் கேட்கலாம். இல்லை. ரெய்டரின் விரல் பட்டது அல்லது படவில்லை. இரண்டில் ஒன்றே நிகழ்ந்தது. பல பக்கம் இருப்பதால் உண்மை பலவாவதில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் நிற்பவரிடம் அது முழுதும் அகப்படுவதில்லை, அவ்வளவே. திருச்சபை நான்கு நற்செய்திகளையும் ஒன்றாக்காமல் நான்காகவே காத்து வருகிறது. நால்வர் பார்வையிலும் விளங்குபவர் ஒரே ஆண்டவர்.

அந்நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாத ஒருவர் இருக்கிறார். அவர் புனித சூசையப்பர். அவர் எழுகிறார், குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார், திரும்பி வருகிறார். பின்பு நம் பார்வையிலிருந்து மறைகிறார். ஏரோதின் வாளுக்குத் தப்பிய குழந்தையை நாம் அறிவோம். இரவோடு இரவாக வழிநடந்த கால்களை அத்தனை எளிதில் நினைப்பதில்லை. திருமழபாடியை அடுத்த வட்டாரத்திலுள்ள ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பெயரிட்டழைத்து அங்கே பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747), தம் பெருங்காப்பியமாகிய தேம்பாவணிக்கு அந்த வளனாரையே தலைவராக்கினார். மீட்பின் வரலாறு மாறவில்லை. அதனைப் பார்க்கும் இடம் மாறியது. அப்போது, காத்து நின்றவரின் பெருமை ஒரு காப்பியத்துக்குப் போதுமானது என்பது விளங்கிற்று. 1870-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்ததும் இங்கு எண்ணத்தக்கது.

நம் வீடுகளைப் பார்ப்போம். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பணம் அனுப்பும் மகன் விடுமுறையில் வரும்போது ஊரே அவனைச் சூழ்கிறது. அவன் உழைப்பு உண்மையானது; பாராட்டு அவனுக்கு உரியது. ஆனால் படுக்கையில் கிடக்கும் தாயைப் பகலும் இரவும் புரட்டிப் படுக்கவைத்துத் துடைக்கும் மருமகளை எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம்? பங்குத் தந்தை மாதம் ஒருமுறை வரும் கிளைக் கிராமத்தில், ஒவ்வொரு மாலையும் மணியடித்துச் செபமாலை சொல்லும் உபதேசியார் எந்தப் படத்தில் இடம்பெறுகிறார்?

மறக்கப்படுவதைவிடக் கொடியது ஒன்றும் உண்டு. தெருவில் நடந்த சண்டையின் சில விநாடிகளை யாரோ கைப்பேசியில் படம்பிடிக்கிறார்; பொழுது சாயுமுன் அது ஊர் முழுவதும் பரவுகிறது. கை ஓங்கியவர் தெரிகிறார். அதற்கு முன் நடந்தது தெரியவில்லை. ஓங்கிய கை குற்றமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சில விநாடிகளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் பெண்ணுக்கு வந்த சம்பந்தம் முறிந்துபோனால், அந்தக் கணக்கில் நமக்கும் பங்குண்டு. அறியாமை எனச் சொல்லி நாம் தப்ப முடியாது. அறிய முயலாமல் தீர்ப்பிட்டது அநீதி. பிறருடைய நற்பெயரைக் கெடுப்பது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்று சிறுவயதிலேயே மறைக்கல்வியில் கற்றோம்.

பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவரை இயேசு குணப்படுத்தியதை மாற்கு எழுதுகிறார். முதல் முறை ஆண்டவர் கைவைத்தபோது, அவருக்கு மனிதர்கள் நடக்கும் மரங்களைப்போலத் தோன்றினர். மீண்டும் கைவைத்த பின்னரே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, தமக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்பதை அம்மனிதர் மறைக்காமல் சொன்னதுதான். பார்வை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து அங்கேயே எழுந்து போயிருந்தால், வாழ்நாளெல்லாம் மனிதரை மரமாகவே கண்டிருப்பார்.

ஆகவே, ஒருவரைப் பற்றி வாய் திறக்குமுன் இரண்டு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வது நலம். இதை நாம் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தோம்? எதிர்ப்பக்கத்தில் நின்றவரிடம் கேட்டோமா? முழுக் களத்தையும் ஒரே பார்வையில் காண்பவர் இறைவன் ஒருவரே. நமக்கு அது இயலாது. ஆனால் எழுந்து நான்கு பக்கமும் சுற்றிவர நமக்குக் கால்கள் உண்டு.