நிறம் கேட்பவர்

தோலை வெளுப்பாக்கும் கிறீம் மலையகத் தோட்டங்களின் லயங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. இத்தகைய கிறீம்களில் சிலவற்றில் பாதரசம் அளவுக்கு மீறி இருப்பதாக நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அண்மை ஆண்டுகளில் எச்சரித்தது. குற்றம் யாருடையது? விற்றவரைச் சிலர் சாடினர். பூசிய பெண்ணின் அறியாமையைப் பலர் சாடினர். இருவருக்கும் முந்திய குற்றவாளி, "பொண்ணு கலரா இருக்குமா?" என்று கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரே.

பாதரச உப்பு தோலுக்குக் கருமை தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது; நாளடைவில் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். காலைப் பெரட்டு முடிந்து, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, மாலை கொழுந்து நிறுக்கும்வரை மலையில் நிற்பவளுக்கு அந்தக் கருமையே காப்பு. கல்யாணப் பேச்சு தொடங்கியதும் அதைத்தான் கழற்றச் சொல்கிறார்கள்.

வள்ளுவர் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. உருவத்தைப் பார்த்து எவரையும் எள்ளக்கூடாது என்பதற்குத் தேரின் சிறிய அச்சாணியைக் காட்டுகிறார் (குறள் 667). நேரான அம்பு கொல்லும், வளைந்த யாழ் இனிக்கும். ஆகவே செயலால் அள என்கிறார் (279). பிறப்பால் எல்லா உயிரும் ஒன்றே என்கிறது 972. குன்றிமணியைக் காட்டி வஞ்சகரைப் பழிக்கும் 277இல் கருமை இழிவாக வருவதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஆளை ஏமாற்றுவது சிவந்த மேற்புறம்தான். சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு அழகு மாந்தளிர் போன்ற மாமை நிறம். வெளிறிப் பசலை பூப்பது நோய். தொல்காப்பியம் முல்லைக்கு வைத்த தெய்வம் மாயோன், கரியவன். தோட்டத்துக் கோயிலில் காளியை விழுந்து கும்பிட்டுவிட்டு, கறுத்த மருமகள் வேண்டாம் என்று வாசலில் நின்று சொல்பவருக்கு எந்த நூல் துணை நிற்கும்?

உச்சியில் வெள்ளைத் துரை, அடியில் வெயிலில் கறுத்த கூலி என்ற தோட்ட ஏணி இந்த மயக்கத்தை வளர்த்தது உண்மை. முழுப் பழியையும் துரைமேல் போடுவது மட்டும் வசதியான சமாளிப்பு. சாதியையும் நிறத்தையும் சேர்த்து நிறுக்கும் பழக்கம் கங்காணியோடு மன்னார்க் கரையில் இறங்கியவர்களிடமும் இருந்தது. 'தோட்டக்காட்டான்' என்று நிறத்தையும் சேர்த்து இகழப்பட்ட சமூகம், அதே தராசைத் தன் பெண்களுக்கும் பிடிக்கிறது.

இந்த நோய் மலையகத்தோடு நிற்பதில்லை. சிங்கள, யாழ்ப்பாணக் குடும்பங்களின் மண விளம்பரங்களிலும் நிறம் ஒரு தகுதி. கேரளத்தின் அப்போதைய தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன் தம் கரிய நிறத்தை வைத்துச் சொல்லப்பட்ட இகழ்ச்சியை 2025 மார்ச்சில் வெளிப்படையாக எழுதினார். மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரிக்கே இந்த நிலை என்றால், கொழும்புத் துணிக்கடையில் வேலை கேட்டு நிற்கும் ஹட்டன் பெண்ணைச் சொல்ல வேண்டுமா?

தன்னை விரும்பியபடி அலங்கரிப்பது ஒருவரின் உரிமை என்பார்கள். சரிதான், ஆனால் சீதனப் பேச்சில் விலையாகும் நிறம் விருப்பத்தில் சேராது.

சட்டத்துக்கு வந்தால், இலங்கை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது, நிறத்தைச் சொல்லவில்லை. இலங்கை 1982இல் சேர்ந்த இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை நிறத்தைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. உறுப்புரையில் அதைச் சேர்ப்பது நியாயம். சேர்த்தாலும் அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகத்தான் நிற்கும். பெண் பார்க்க வந்து உட்கார்ந்தவரை அது எட்டாது.