ராகு காலம் எந்தக் கடிகாரத்தில்?

1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குச் சிங்கப்பூர்க் கடிகாரங்கள் நேரே 12-க்குத் தாவின. தீபகற்ப மலேசியா சபா, சரவாக் நேரத்துக்கு மாற, சிங்கப்பூரும் கூடவே மாறியது. சர்வர்கள் நம்பியிருக்கும் உலக நேரமண்டலத் தரவுத்தளத்தில் அந்த அரைமணித் தாவல் இன்றும் பதிவாகியிருக்கிறது.

சூரியனுக்கு அந்த உத்தரவு பொருந்தாது.

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ அடுக்குமாடிகளில் விடிவது ஏழு மணியளவில். தமிழ்நாட்டு நாள்காட்டியோ ஆறு மணி உதயத்தை வைத்துத் திங்கட்கிழமை ராகு காலத்தை 7.30 முதல் 9 வரை என்று அச்சிடுகிறது. அதை இங்கே அப்படியே கடைப்பிடிப்பது சரியாகாது. ராகு காலம் பகற்பொழுதில் எட்டில் ஒரு பங்கு, உதயத்திலிருந்து எண்ணப்படுவது. அதனால் திங்களன்று அது இங்கே ஏறத்தாழ 8.30-க்குத்தான் தொடங்கும். ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரம் திணிக்கப்பட்டபோது விடியலே எட்டு மணிக்கு! ரயிலுக்கும் அலுவலகத்துக்கும் அரசின் மணி போதும். நம்பிக்கையோடு நேரம் பார்ப்பவர்கள் சிங்கப்பூர் உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்ப்பதே முறை.