மூச்சைக் கவனிச்சா மட்டும் போதுமா?

இன்னைக்கு ஒரு கேள்வி. ஷிஃப்ட் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கிற ஒரு நர்ஸ்கிட்ட, "டென்ஷனா? பத்து நிமிஷம் தியானம் பண்ணுங்க சிஸ்டர்"னு நிர்வாகம் சொல்றது உதவியா, தட்டிக் கழிக்கிறதா?

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். புத்த தியானத்திலிருந்து எடுத்து, மத அடையாளம் இல்லாமல் கொடுத்தார். மூச்சைக் கவனி, உடம்பைக் கவனி, வர்ற எண்ணத்தோட சண்டை போடாதே. இதுதான் மைண்ட்ஃபுல்னஸ். முதலில் தீராத வலி உள்ள நோயாளிகளுக்கு வந்தது. பிறகு நர்ஸ்களுக்கும் வந்தது.

இதுல பலன் இருக்கு. ஒரு பெட்ல மரணத்தைப் பார்த்துட்டு அடுத்த பெட்டுக்குப் போகணும். நடுவுல கை கழுவுற அந்தச் சில நொடி மூச்சைக் கவனிச்சா, முந்தின துக்கம் அடுத்தவர் மேல கோபமா இறங்காது.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. லிண்டா எய்கன் குழு பென்சில்வேனியா மருத்துவமனைகளில் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அவர் வேலையில் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23% கூடுகிறது. அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7% கூடுகிறது. கலிஃபோர்னியாவில் 2004 முதல் இதற்கு உச்சவரம்பே உண்டு. ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளிகள்தான்.

நம்ம ஐடி பாஷையில சொன்னா, லோடு தாங்காத சர்வர்ல கோடை மட்டும் ட்யூன் பண்ணிட்டே இருந்தா எப்படி? இன்னொரு சர்வர் வேணும்ல?

அப்போ தியானம் தப்பா? இல்லை. யார் கொடுக்கிறாங்கங்கறதுதான் விஷயம். நர்ஸ் தானே தேர்ந்தெடுத்தா அது அவங்க பலம். இன்னொரு ஆளை நியமிக்க முடிஞ்சவர், அதுக்குப் பதிலா தியானத்தைக் கொடுத்தா அது சாக்கு.

இன்னொண்ணு. மைண்ட்ஃபுல்னஸ்னா எதையும் சகிச்சுக்கிறது இல்லை, இருக்கிறதை இருக்கிறபடி பார்க்கிறது. அப்படிப் பார்த்தா "இந்த வார்டுக்கு ஆள் பத்தாது"ங்கறதும் தெரியும். தெரிஞ்சதைப் பதறாம, பயப்படாம சொல்லவும் அந்த நிதானம் உதவும். சொன்னா காது கொடுத்துக் கேட்கிற நிர்வாகம்தான் தியானம் சொல்லித்தரத் தகுதியானது.

நமக்கும் இதுல பங்கு இருக்கு நண்பர்களே. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில சிஸ்டர் வர லேட்டானா, கத்துறதுக்கு முன்னாடி நாம ஒரு மூச்சைக் கவனிப்போம். அவங்க எத்தனை பெட் பார்க்கிறாங்கன்னு எண்ணிப் பார்ப்போம்.

தெரிஞ்ச நர்ஸ் அக்கா, அண்ணா இருந்தா ஷேர் பண்ணுங்க.